ராஜாக்கள் இதையெல்லாம் நிஜமாகவே சொன்னார்களா?

பழஞ்சுவடி:

பட்டிமன்றமோ ஆன்மிகச் சொற்பொழிவோ, எங்கே போனாலும் அலெக்சாண்டர் ஒருமுறை செத்துக் காட்டிவிடுகிறார். "என் கைகள் இரண்டையும் சவப்பெட்டிக்கு வெளியே தொங்க விடுங்கள், உலகத்தையே ஜெயித்தவன் வெறுங்கையோடு போகிறான் என்று ஜனங்கள் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவார், கூட்டம் கைதட்டும். இது எங்கேதான் எழுதியிருக்கிறது என்று தேடினேன். அலெக்சாண்டரைப் பற்றி நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் பழைய வரலாறுகளில் முக்கியமானவை ஐந்து: டியோடோரஸ், கர்ட்டியஸ், புளூட்டார்க், அரியன், ஜஸ்டின் எழுதியவை. ஐந்திலும் இந்தக் கை கிடையாது.

அவர் இறந்தது கி.மு. 323 ஜூனில், பாபிலோனில். அரண்மனை நாட்குறிப்பை வைத்துப் புளூட்டார்க்கும் அரியனும் கடைசி நாட்களைச் சொல்கிறார்கள். காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது, குளிக்கிறார், பலி கொடுக்கிறார், கப்பல் படை எப்போது கிளம்ப வேண்டும் என்று தளபதிகளிடம் பேசுகிறார், அப்புறம் பேச்சே நின்றுவிடுகிறது. சிப்பாய்கள் வரிசையாகக் கட்டிலைக் கடந்து போனபோது சிரமப்பட்டுத் தலையைத் தூக்கி, கண்ணாலேயே ஒவ்வொருவரையும் வரவேற்றார் என்கிறார் அரியன். குரல் போன மனிதர் வாயில்தான் இவ்வளவு நீள வசனத்தை வைத்திருக்கிறார்கள். "ராஜ்யம் யாருக்கு?" என்று கேட்டதற்கு "வலிமை மிக்கவனுக்கு" என்றாராமே, அதைக்கூட அரியன் "சிலர் எழுதியிருக்கிறார்கள்" என்று தள்ளி நின்றுதான் சொல்கிறார்.

ராஜா ராணிகள் தலையில் கட்டப்பட்ட இந்த மாதிரி வாசகங்களை இங்கே எடுத்துப் போட்டுப் பேசலாம். ஒரே நிபந்தனை. முதலில் எழுதி வைத்தவர் யார், எப்போது எழுதினார், அவர் அந்த இடத்தில் இருந்தாரா, இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எங்கேயோ படித்தேன்" செல்லாது.

சுண்டெலி:

ஐயா, அந்தச் சவப்பெட்டியைப் பிடுங்கிவிட்டால் பாதிப் பேச்சாளர்களுக்கு முடிவுரையே கிடையாது. கொஞ்சம் கருணை காட்டுங்கள்.

கறார்க்கண்ணம்மா:

சரி, எல்லோருக்கும் தெரிந்ததை நான் முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்." பிரான்சு ராணி மரி அந்துவானெத். பள்ளிக்கூட வரலாற்று வகுப்பிலேயே நமக்கு ஊட்டிவிட்டது.

இதை எழுத்தில் முதலில் தருபவர் ரூசோ, தன் சுயசரிதையின் ஆறாம் பாகத்தில். அவருக்கு வைன் கிடைத்திருக்கிறது, கூட ரொட்டி வேண்டும், ஆனால் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு சாதாரண ரொட்டிக் கடையில் போய் நிற்கக் கூச்சம். அப்போதுதான் "ஒரு பெரிய இளவரசி" சொன்னது ஞாபகம் வருகிறது: குடியானவர்களுக்கு ரொட்டி இல்லை என்றார்களாம், அப்படியானால் பிரியோஷ் சாப்பிடட்டும் என்றாளாம். முட்டையும் வெண்ணெயும் சேர்த்த பணக்கார ரொட்டி அது. இளவரசியின் பெயரை ரூசோ சொல்லவில்லை. சம்பவம் நடந்தது 1740 வாக்கில், எழுதியது 1760களில், அச்சில் வந்தது 1782ல். மரி அந்துவானெத் வியன்னாவில் பிறந்ததே 1755 நவம்பரில். பிரான்சுக்குக் கல்யாணமாகி வந்தது 1770ல், பதினான்கு வயதில். கணக்கு எங்கேயுமே ஒட்டவில்லை.

இன்னும் ருசியான விஷயம், அவருடைய கொழுந்தனார் பதினெட்டாம் லூயி தன் நினைவுக்குறிப்பில் கிட்டத்தட்ட இதே பேச்சை வேறொருவர் சொன்னதாக எழுதியிருக்கிறார். பதினான்காம் லூயியின் மனைவி மரி தெரேஸ் சொன்னதாக. அந்த வீட்டிலேயே இது பழைய பாட்டி கதையாக உலவியிருக்கிறது போல. 1843ல் அல்போன்ஸ் கார் என்ற பத்திரிகையாளர், மரி அந்துவானெத் இதைச் சொல்லவே இல்லை என்று மறுத்து எழுதுகிறார். மறுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்றால் அதற்குள் வாசகம் அவர் தலையில் விழுந்தாயிற்று என்றுதானே அர்த்தம்.

சீனத்துக்குப் போனால் இதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் மூத்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். ஜின் வம்சத்து ஹுயி பேரரசர், ஆண்டது 290 முதல் 307 வரை. ஜனங்கள் பட்டினியால் சாகிறார்கள் என்றதும், "இறைச்சிக் கஞ்சி குடிக்க வேண்டியதுதானே" என்று கேட்டாராம். தோட்டத்தில் தவளை கத்தினால் அது அரசாங்கத்துக்காகக் கத்துகிறதா சொந்தத்துக்காகக் கத்துகிறதா என்று கேட்டவரும் இவரேதான். ஆனால் இவரைப் பற்றிய அந்த வரலாறு தொகுக்கப்பட்டது 648ல், தாங் வம்ச காலத்தில். முந்தைய வம்சத்து ராஜாவை மண்டு என்று எழுதினால் அடுத்த வம்சத்துக்கு நஷ்டமா என்ன.

பின்வரிசை:

கண்ணம்மா அக்கா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் என்ன வந்துவிட்டது? ஜனங்கள் பட்டினி கிடந்தபோது அந்த அம்மா வைரமும் பட்டுமாக இருந்தது நிஜம். வாயால் சொன்னாரா இல்லையா என்பது சின்ன விஷயம், வாழ்க்கையால் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட வாசகங்கள் ஒரு மாதிரியான உண்மைதான் என்பது என் கட்சி.

கறார்க்கண்ணம்மா:

தம்பி, அந்தக் கட்சியில் ஒரு ஓட்டை இருக்கிறது. புரட்சிக் காலத்தில் அவரைப் பற்றி வந்த துண்டுப் பிரசுரங்களைக் கண்கொண்டு படிக்க முடியாது. எழுதாத ஆபாசம் இல்லை, கட்டாத கதை இல்லை. 1793ல் விசாரணையில் பெற்ற மகனைச் சம்பந்தப்படுத்தியே அசிங்கமான குற்றச்சாட்டு வைத்தார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் இந்தக் கேக்கை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? அவர்கள் காதில் அப்போது அது விழவில்லை என்பதுதான் நேரான பதில்.

அப்புறம், 1775ல் ரொட்டி விலை ஏறியதால் வெடித்த மாவுக் கலவரம் ஓய்ந்த கொஞ்ச நாளில் முடிசூட்டு விழா நடக்கிறது. அதைப் பற்றி அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. தங்களுக்கு இவ்வளவு கஷ்டம் இருந்தும் நம்மை இப்படி வரவேற்கும் இந்த மக்களுடைய நலனுக்காக நாம் முன்னைவிட அதிகமாக உழைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அப்படியே உழைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆடம்பரத்துக்காகத் திட்ட வேண்டுமென்றால் கணக்குப் புத்தகம் இருக்கிறது, அதை வைத்துத் திட்டலாமே. பொய்ச் சாட்சி எதற்கு?

அரைப்படி:

பிரான்சுக்காரர்கள் இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்கள். ராஜாவுக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அரசு என்றால் நான்தான்" என்று பதினான்காம் லூயி சொன்னது 1655 ஏப்ரல் 13ல், பாரிஸ் பார்லமெண்டில் (பெயர்தான் பார்லமெண்ட், அது அன்றைய உயர் நீதிமன்றம்), பதினாறு வயதில் என்பது பழக்கமான கதை. வேட்டை உடுப்போடு வந்தார், கையில் சாட்டை இருந்தது, நீதிபதிகளை அதட்டினார் என்று காட்சி வேறு. வந்தது உண்மை, அதட்டியதும் உண்மை. சாட்டையைக் கொடுத்தது வால்டேர், அதுவும் அடுத்த நூற்றாண்டில். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அந்த வாக்கியம் கிடையாது. அதற்கு நேர் எதிரான ஒன்றைத்தான் 1715ல் மரணப் படுக்கையில் சொன்னதாகப் பக்கத்தில் இருந்த அரசவைக்காரர் டாஞ்ஜோ தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: நான் போகிறேன், ஆனால் அரசு என்றும் இருக்கும். இதை யாராவது மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பதினைந்தாம் லூயிக்கு "எனக்குப் பின் பிரளயம்". இதை அவர் சொன்னாரா, 1757ல் ராஸ்பாக்கில் படை தோற்ற செய்தி கேட்டு மனம் உடைந்திருந்த ராஜாவைத் தேற்ற அவருடைய ஆசைநாயகி மதாம் பொம்பதூர் "நமக்குப் பின் பிரளயம் வந்தால் வரட்டும்" என்றாரா என்று இரண்டு கட்சி. இரண்டுக்கும் முன்னாலேயே, நான் செத்த பிறகு பூமி நெருப்போடு கலக்கட்டும் என்று ஒரு பழைய கிரேக்க வரி இருக்கிறது. யாரோ அதைச் சொன்னபோது நீரோ, "இல்லை, நான் இருக்கும்போதே" என்றாராம், சூட்டோனியஸ் எழுதுகிறார். நீரோ இறந்து ஐம்பது வருஷம் ஆன பிறகு.

நான்காம் ஹென்றி கதைதான் இருப்பதிலேயே நன்றாக இருக்கும். புராட்டஸ்டன்டாக இருந்தவர், சிம்மாசனத்துக்காக 1593 ஜூலை 25ல் சான் தெனியில் கத்தோலிக்கராக மாறினார். "பாரிசுக்காக ஒரு பூசை காணலாம், தகும்" என்றாராம். தேடிப் போனால் அகப்படுவது 1622ல் வந்த ஒரு நையாண்டிப் புத்தகம். ராஜா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதிலும் பேசுவது ராஜா இல்லை, மந்திரி சல்லி. பாரிஸ் என்றும் இல்லை, "கிரீடத்துக்காக ஒரு பூசை தகும்" என்று இருக்கிறது. ஆளும் மாறி ஊரும் மாறிவிட்டது. ஒவ்வொரு குடியானவன் பானையிலும் ஞாயிற்றுக்கிழமை கோழி இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். அதை எழுதியவர் பெரெஃபிக்ஸ், வருஷம் 1661. அவர் பதினான்காம் லூயியின் வாத்தியார். தாத்தா எவ்வளவு நல்லவர் பார் என்று பேரனுக்குப் பாடம் எடுத்தவர், அவ்வளவுதான்.

சுண்டெலி:

நெப்போலியனை விட்டுவிட்டீர்களே, அவரும் சக்கரவர்த்திதான். "முடியாது என்ற சொல் என் அகராதியில் இல்லை."

அரைப்படி:

அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1813 ஜூலை 9ல் மாக்டபர்கில் இருந்த தளபதி லெமாருவாவுக்கு எழுதிய கடிதம்: "முடியாது என்று எழுதுகிறீர், அது பிரெஞ்சே இல்லை." அகராதி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் அவர் இதை எழுதிய மூன்று மாதத்தில் லைப்சிக்கில் தோற்றுப் போனார்.

ஓலைக்கொத்து:

இங்கிலாந்துப் பக்கம் யாரும் போகவில்லை, நான் போகிறேன்.

விக்டோரியாவின் "நமக்குச் சிரிப்பு வரவில்லை". ராணி இறந்தது 1901, இந்த வாசகத்துக்கு ஆதாரமாகக் காட்டும் புத்தகம் 1919ல் வந்த ஒரு பெண்மணியின் குறிப்பேடு. விண்ட்சரில் விருந்துச் சாப்பாட்டில் ஒருவர் ஏடாகூடமாகக் கதை சொல்லப் போய் ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு இப்படிச் சொன்னதாகச் சேதி, அதுவும் காதுவழி. விக்டோரியாவின் பேத்தி இளவரசி ஆலிஸ் 1981 வரை இருந்தார். தொண்ணூறு வயதுக்கு மேல் கொடுத்த பேட்டியில், நான் பாட்டியிடமே கேட்டேன், அப்படிச் சொன்னதே இல்லை என்றார் என்று சொல்லியிருக்கிறார். விக்டோரியாவின் டைரியைப் புரட்டினால் "ரொம்பச் சிரித்தேன்" ரகத்தில் நிறையவே வரும்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாது என்பதற்கு முதலாம் எலிசபெத்தைச் சொல்வேன். 1588 ஆகஸ்ட், ஸ்பானியக் கப்பல் படை வருகிறது என்ற பயம், டில்பரியில் படை வீரர்கள் முன்னால் "எனக்கு இருப்பது பலவீனமான பெண்ணின் உடல், ஆனால் நெஞ்சம் ஒரு ராஜாவின் நெஞ்சம்" என்று பேசினார் என்பது உலகப் பிரசித்தம். அந்தப் பேச்சு நமக்குக் கிடைப்பது லயனல் ஷார்ப் என்ற பாதிரியார் 1620களில் எழுதிய கடிதத்தில், அச்சில் வந்தது 1654ல். முப்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. பழஞ்சுவடி ஐயாவின் முதல் இரண்டு கேள்வியில் இது தேறாது. ஆனால் ஷார்ப் அன்றைக்கு டில்பரியில் இருந்தவர், மூன்றாவது கேள்வியில் முழு மதிப்பெண். ஒவ்வொரு சொல்லும் அதேதானா என்றால் சத்தியம் செய்ய முடியாது. அப்படி ஒரு பேச்சே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு தலைகீழ் உதாரணம், இரண்டாம் ஹென்றி. "இந்தக் கலகக்காரப் பாதிரியிடமிருந்து என்னை விடுவிக்க ஒருவனும் இல்லையா?" என்று கத்தினார், நான்கு வீரர்கள் கிளம்பிப் போய் 1170 டிசம்பர் 29ல் பேராயர் பெக்கெட்டை கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டினார்கள். எட்வர்டு கிரிம் என்பவர் அந்தக் கொலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், தடுக்கப் போய்க் கையில் வெட்டு வாங்கியவர். அவர் எழுதியதில் ராஜாவின் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது: நான் வளர்த்துவிட்ட துரோகிகளே, கீழ்ப்பிறப்பில் வந்த ஒரு பாதிரி உங்கள் எஜமானை இப்படி அவமானப்படுத்துகிறான், பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே என்று ஒரு நீண்ட வசவு. "கலகக்காரப் பாதிரி" வருவது பதினெட்டாம் நூற்றாண்டில். சரி, கிரிம்தான் கண்ணால் பார்த்த சாட்சியாயிற்றே என்றால், அவர் பார்த்தது கொலையை. ராஜா கத்தியது கடலுக்கு அந்தப் பக்கம், நார்மண்டியில். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

பழஞ்சுவடி:

ஓலைக்கொத்து சொன்ன அந்த நார்மண்டி விஷயம் முக்கியம். சாட்சி எதற்குச் சாட்சி என்பதைப் பார்க்காமல் பலபேர் ஏமாறுகிறார்கள்.

வெட்டவெளி:

நானும் ஒன்று போடுகிறேன், அடிக்க வராதீர்கள். கட்டபொம்மன். வரி, வட்டி, திரை, கிஸ்தி என்று நாம் எல்லோரும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்த அந்த வசனம் நாடக மேடையில் பிறந்து 1959 படத்தில் சிவாஜி கணேசன் குரலில் ஊரெங்கும் போனது. எழுதியவர் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி. கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது 1798 செப்டம்பரில், ராமநாதபுரத்தில். சந்திப்பு நடந்தது உண்மை. அதில் அவர் இந்த வார்த்தைகளைப் பேசினார் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை.

கொம்பன்:

வந்துவிட்டீர்களா. வெள்ளைக்காரன் எழுதி வைத்தால்தான் நடந்தது, இல்லையென்றால் நடக்கவில்லை, அப்படித்தானே? பாளையக்காரர் பேச்சை எழுதி வைக்க அங்கே கும்பினிக் கணக்குப்பிள்ளையைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? நம்மிடம் கதைப்பாடல் இருந்தது, கூத்து இருந்தது, வாய்வழியாக வந்தது. அதையெல்லாம் குப்பை என்று தள்ளிவிட்டு மரி அந்துவானெத்தோடு ஒரே கூடையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அதோடு, அவர் ராஜாவே இல்லை என்று அடுத்து யாராவது ஆரம்பிப்பீர்கள்.

வெட்டவெளி:

கொம்பன் அண்ணே, கதைப்பாடலைக் குப்பை என்று நான் சொல்லவே இல்லை. நா. வானமாமலை பதிப்பித்தது என்னிடமே இருக்கிறது. நான் சொன்னது வசனத்தை மட்டும். வசனம் எழுதியவர் பெயர் தெரிந்திருக்கும்போது அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் எழுதியவருக்கு அநியாயம்.

ஜாக்சன் விஷயத்தில் நடந்ததே போதுமான அளவுக்கு இருக்கிறது. வரச் சொல்லிவிட்டு, குற்றாலத்தில் பார்க்க மாட்டேன், அடுத்த ஊருக்கு வா, அங்கேயும் இல்லை, அதற்கடுத்த ஊருக்கு வா என்று ராமநாதபுரம் வரை ஒரு பாளையக்காரரைப் பின்னாலேயே அலைய விட்டிருக்கிறான். கடைசியில் கைகலப்பாகி, லெப்டினென்ட் கிளார்க் செத்து, கட்டபொம்மனின் தானாபதி, அதாவது மந்திரி, சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அப்புறம் விசாரணை வைத்து மதராஸ் அரசாங்கமே ஜாக்சனை அங்கிருந்து நீக்கியது. வெள்ளைக்காரன் ஆவணத்திலேயே வெள்ளைக்காரன் தோற்றிருக்கும் இடம் இது. நாம் வசனத்தைக் கட்டிக்கொண்டு இதை மறந்துவிட்டோம்.

அதைவிட 1799 அக்டோபர் 17 தேதியிட்ட மேஜர் பானர்மேன் கடிதத்தைப் படியுங்கள். முந்தின நாள் கயத்தாற்றில் தூக்கிலிட்டவனே எழுதியது. மற்ற பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து உட்கார வைத்துத்தான் விசாரணை நடந்தது. அவ்வளவு நேரமும் கட்டபொம்மன் கொஞ்சமும் அஞ்சாமல், அலட்சியமாக நின்றார் என்கிறான். தன்னைப் பிடிக்க முனைப்பாக இருந்த எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி ஏளனமாகப் பார்த்தாராம். தூக்குக்குக் கிளம்பும்போது உறுதியான நடையோடு, வலமும் இடமும் இருந்த பாளையக்காரர்கள் மேல் வெறுப்புப் பார்வையை வீசிவிட்டுப் போனார் என்று இருக்கிறது. போகும் வழியில் ஊமைத்துரையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்தேனே, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாமே என்று வருந்தினாராம்.

என்னைக் கேட்டால் எந்த வசனமும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. தம்பியைப் பற்றிய கவலையும் கோட்டையைப் பற்றிய வருத்தமும் எழுதி வைத்துப் பேசுகிற பேச்சா?

(சம்பந்தமில்லாத ஒரு துணுக்கு: அவர் தூக்கிலேறியது அக்டோபர் 16. மரி அந்துவானெத் தலை போனதும் அக்டோபர் 16தான், ஆறு வருஷம் முன்னால்.)

கொம்பன்:

அந்தக் கடிதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. பானர்மேன் ஏன் அப்படி எழுதினான்? எதிரியை வீரன் என்று எழுதினால்தானே அவனைப் பிடித்த தனக்கும் பெருமை? எதிரி சொன்னால் உண்மை என்று எடுத்துக்கொள்வதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

ஓலைக்கொத்து:

இது நியாயமான கேள்வி. திப்பு சுல்தானை எடுத்துக்கொள்ளுங்கள். "நூறு வருஷம் ஆடாக வாழ்வதைவிட ஒரு நாள் புலியாக வாழ்வது மேல்." 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் விழுந்தார். மறு வருஷமே, 1800ல், அந்தப் போரில் இருந்த பீட்சன் என்ற கும்பினி அதிகாரி புத்தகம் போடுகிறார், அதில் இந்தப் பேச்சு வருகிறது. இரண்டு நாள் புலியாக, இருநூறு வருஷம் ஆடாக என்று. இடைவெளி ஒரே வருஷம், ரொம்ப நல்ல கணக்கு. ஆனால் திப்பு எதிரில் உட்கார்ந்து கேட்டவர் இல்லை அவர். அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், இடையில் எத்தனை வாயோ. புலிக்கொடி, புலிச் சிம்மாசனம், புலிப் பொம்மை என்று வாழ்ந்த மனிதர் அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவர்தான். சொல்லியிருக்கக்கூடியவர் என்பதுதான் இதில் சிக்கலே, யார் கட்டிவிட்டாலும் அவருக்குப் பொருந்திவிடும். இதே வாசகம் ஆட்டையும் சிங்கத்தையும் வைத்து இத்தாலியிலும் சுற்றியது, 1928ல் முசோலினி காலத்து இருபது லிரா நாணயத்திலேயே பொறித்தார்கள்.

போரஸ் கதையும் இந்த வரிசைதான். கி.மு. 326ல் ஜீலம் கரையில் அலெக்சாண்டரிடம் தோற்று நின்றவரிடம் உன்னை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்க, "ராஜாவைப் போல" என்றார். அரியனும் எழுதுகிறார், புளூட்டார்க்கும் எழுதுகிறார், நானூறு வருஷத்துக்குப் பின்னால். அலெக்சாண்டரின் பெருந்தன்மையைக் காட்ட அந்தப் பதில் எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள். கொம்பன் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

கறார்க்கண்ணம்மா:

நேரில் கேட்டவரே எழுதியது வேண்டுமென்றால் ஜான்சி ராணி இருக்கிறார். "என் ஜான்சியைத் தர மாட்டேன்." ஜான் லாங் என்ற ஆஸ்திரேலிய வக்கீல் 1854ல் அவருடைய வழக்குக்காக ஜான்சி போனார். திரைக்கு அந்தப் பக்கம் ராணி, இந்தப் பக்கம் இவர். சின்னப் பையன் திரையை விலக்கியதால் ஒரு நொடி முகத்தையும் பார்த்திருக்கிறார். ராணி சொன்னதை இந்துஸ்தானியிலேயே எழுதி, 1859 புத்தகத்தில் போட்டிருக்கிறார். இடைவெளி ஐந்து வருஷம், சாட்சி அதே அறையில். அதோடு அவர் எதிரி இல்லை, ராணியின் வக்கீல். நாம் கற்பனை செய்கிற மாதிரி குதிரை மேல் வாளை உருவிக்கொண்டு சொன்னதும் இல்லை, வக்கீலிடம் வழக்கு பேசும்போது சொன்னது. வந்த இந்திய ராஜ வாசகங்களில் எனக்கு இதுதான் முதல் மார்க்.

பின்வரிசை:

புறநானூற்றில் சேர மன்னன் கணைக்கால் இரும்பொறை? அது அவரே பாடியதாயிற்றே. சோழன் செங்கணானிடம் பிடிபட்டு, குடவாயில் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டு, உடனே தராமல் காலம் தாழ்த்தித் தந்ததால் குடிக்காமல் உயிர் விட்டார். 74ஆம் பாட்டு. இதிலும் கை வைப்பீர்களா?

பழஞ்சுவடி:

கை வைக்காமல் எப்படி? பாட்டையும் அதன் கீழே இருக்கும் குறிப்பையும் பிரித்துப் படியுங்கள். "குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்" என்று தொடங்கும் ஏழே வரிப் பாட்டு. குழந்தை செத்துப் பிறந்தாலும் தசைப் பிண்டமாகப் பிறந்தாலும்கூட வாளால் வெட்டி அடக்கம் செய்யும் குலத்தில் பிறந்துவிட்டு, சங்கிலியில் கட்டிய நாய் போல இருந்து, வயிற்றுத் தீயைத் தணிக்க இரந்து உண்ணும் பிள்ளையையா பெற்றார்கள் என்று கேட்கிறது. இதில் சேரமான் பெயர் இல்லை, சோழன் செங்கணான் இல்லை, குடவாயில் இல்லை. இவை எல்லாம் வருவது கீழே உள்ள உரைநடைக் குறிப்பில். அது பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது.

அதோடு கலிங்கத்துப்பரணி வேறு கதை சொல்கிறது. புலவர் பொய்கையார் களவழி என்ற போர்க்களப் பாட்டைப் பாடினார், செங்கணான் மகிழ்ந்து சேரனின் தளையை வெட்டிவிட்டான் என்று. ஒன்றில் சிறையிலேயே சாகிறார், இன்னொன்றில் விடுதலையாகிறார். இரண்டையும் இணைக்க உரையாசிரியர்கள் தலைகீழாக நின்றிருக்கிறார்கள். பாட்டு பிரமாதம், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதைப் பாடிய வாய் எது என்பதற்கு அந்தக் குறிப்பு ஒன்றுதான் சாட்சி.

பின்வரிசை:

அப்படியானால் "யானோ அரசன் யானே கள்வன்"?

பழஞ்சுவடி:

அது இளங்கோ எழுதிய வரி. காப்பியத்தை நீதிமன்றக் குறிப்பாகப் படிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

அரைப்படி:

பழைய காலம்தான் இப்படி, இப்போதெல்லாம் எல்லாம் பதிவாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஐந்தாம் ஜார்ஜ். 1936 ஜனவரி 20ல் இறந்தார். கடைசியாகச் சொன்னது "சாம்ராஜ்யம் எப்படி இருக்கிறது?" என்றும், செயலாளர் "எல்லாம் நலம்" என்றதும் புன்னகைத்தார் என்றும் பிரதமர் பால்ட்வின் வானொலியில் நாட்டுக்கே சொன்னார். ஐம்பது வருஷம் அதுதான் வரலாறு. 1986ல் அரண்மனை மருத்துவர் டாசனின் சொந்தக் குறிப்பு வெளியே வந்தது. தூங்குவதற்கு ஊசி போட்ட நர்சைப் பார்த்து "நாசமாய்ப் போ" என்று திட்டியதுதான் கடைசிப் பேச்சு. அதற்கும் மேலே, ராத்திரி மார்ஃபினும் கொக்கைனும் செலுத்தி மரணத்தை முடுக்கிவிட்டது தானேதான் என்றும் டாசன் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, செய்தி மாலைப் பத்திரிகைகளில் வராமல் காலை டைம்ஸ் இதழில் கௌரவமாக வரவேண்டும் என்பது. மனைவிக்குப் போன் போட்டு, டைம்ஸ்காரர்களிடம் அச்சை நிறுத்தி வைக்கச் சொல்லும்படி சொல்லியிருக்கிறார்.

சாவின் நேரத்தையே பத்திரிகைக்காக மாற்றியவர்களுக்கு ஒரு வாசகத்தை மாற்றவா தெரியாது.

சுண்டெலி:

இதைப் படித்துவிட்டு எந்த ராஜா சொன்னதையும் நம்ப முடியவில்லை. உறுதியாக ஒரு ராஜா, தன் வாயால், தான் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்கச் சொன்ன வார்த்தை என்று ஒன்றாவது இருக்கிறதா?

வெட்டவெளி:

இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்து அடிப்பகுதியில் வெட்டியிருக்கிறது. முதலாம் ராஜராஜன், இருபத்தாறாவது ஆட்சியாண்டு, இருபதாவது நாள். அரண்மனையில் கீழைத் திருமஞ்சன சாலையில், அதாவது கிழக்குக் குளியல் மண்டபத்தில், இருந்துகொண்டு சொல்கிறார்: "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று. திருவாய் மொழிந்தருளினார் என்று கல்வெட்டே சொல்கிறது. எந்த இடத்தில் இருந்து சொன்னார் என்பது வரை இருக்கிறது. அக்கன் என்றால் குந்தவை. தனக்கு அடுத்தபடியாக அக்காவைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மனைவிமார்.

கொம்பன்:

ஓலை எழுதுகிற அதிகாரி அதைத் திருத்தி எழுதியிருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்?

வெட்டவெளி:

நிச்சயம் இல்லைதான். ஆனால் திருத்துபவன் "குடுத்தன" என்று பேச்சு வாடையோடு விட்டிருப்பானா, பெருமைக்கு நாலு வடமொழிச் சொல் சேர்த்திருப்பானா? அதோடு ராஜா பார்க்கிற சுவரில் ராஜா சொல்லாததை வெட்டத் தைரியம் வேண்டும்.

கொம்பன்:

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பானர்மேன் கடிதம் முழுசாக எங்கே கிடைக்கும்? அடுத்த அக்டோபரில் பேச வேண்டியிருக்கிறது.

வெட்டவெளி:

கால்டுவெல் 1881ல் போட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறார், ஆங்கிலம்தான். மரத்தடியில் சொன்ன பகுதியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள் அண்ணே, விசாரணையில் நடந்தது பானர்மேன் நேரில் கண்டது, வழியிலும் மரத்தடியிலும் நடந்தது அவனுக்கு மற்றவர்கள் வந்து சொன்னது. பேசும்போது அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.